கூடூர் மண்ணிலிருந்து குறிச்சிப் பட்டறை வரை

கூடூருக்கு மேற்கே சைதாபுரம் போகும் சாலையில் இறங்கி நடந்தால் செருப்பில் ஒட்டும் தூசியும் மின்னுகிறது. ஓரத்தில் கிடக்கும் ஒரு சில்லை எடுத்து நகத்தால் கீறினால் இதழ் இதழாகக் கழன்றுவருகிறது. உரிக்க உரிக்க மெலிந்து, கடைசியில் அதன் வழியே விரல் ரேகை தெரிகிற அளவுக்கு வந்துவிடுகிறது. அப்பிரகம். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பிள்ளைகள் காக்காப்பொன் என்று பொறுக்கிச் சேர்ப்பது இதைத்தான்.

நெல்லூர் வட்டாரத்தின் இந்த அப்பிரகப் பட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். மின்சாரத்தைக் கடத்தாது, சூட்டுக்கும் அசையாது என்பதால் ரேடியோ வால்வுக்கும் இஸ்திரிப் பெட்டியின் சுருளுக்கும் இதன் தகடுதான் காப்பு. இரண்டாம் உலகப் போரின்போது இதற்கு இருந்த கிராக்கி கொஞ்சநஞ்சமல்ல. டிரான்சிஸ்டர் வந்து வால்வு ஒழிந்ததும் தகட்டு வியாபாரம் ஒடுங்கியது. ஆனால் சில்லுக்கும் தூளுக்கும் வேறொரு வாழ்வு கிடைத்தது. அரைத்து, சலித்து, மேலே ஒரு மெல்லிய பூச்சு ஏற்றினால் அப்பிரகத் தூள் முத்தின் ஒளியைக் கொடுக்கும். இன்று பவுடர் கோட்டிங் பட்டறைகளில் ‘பேர்ல்’ என்று கேட்டு வாங்கும் வண்ணத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அந்த ஒளி எப்படி ஒரு ஜன்னல் சட்டத்தின் மேல் போய் உட்காருகிறது என்று பார்க்க, கூடூரில் தொடங்கி அம்பத்தூர் வழியாகக் கோவை குறிச்சி வரை போகும் பயணம் இது.

முத்தொளியைச் செயற்கையாகச் செய்யும் ஆசை பழையது. 17-ஆம் நூற்றாண்டிலேயே பாரிஸில் ஜபமாலை செய்தவர்கள் மீன் செதிலிலிருந்து ஒரு வெள்ளிச் சாந்தை எடுத்துக் கண்ணாடி மணிகளுக்குள் பூசி முத்து என்று ஆக்கினார்கள். பிறகு ஈயச் சேர்மங்கள் வந்தன. பளபளப்புக்குக் குறைவில்லை, ஆனால் நஞ்சு. 1963-இல் டூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோவர்ட் லின்டன், அப்பிரகச் செதில் மேல் டைட்டானியம் டை ஆக்சைடைப் படியவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் இந்தத் தொழில் இன்றைய வடிவத்துக்கு வந்தது.

இதில் நிறம் பிறக்கும் விதம் அலாதியானது. சாயம் என்று எதுவும் இல்லை. அப்பிரகமும் நிறமற்றது, டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளை. பூச்சின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும், உள்ளே புகுந்து அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அடங்கிவிடுகின்றன. எந்த நிறம் என்பதைப் பூச்சின் கனம்தான் தீர்மானிக்கிறது. 40 முதல் 60 நானோமீட்டர் வரை இருந்தால் வெள்ளி. 60-இலிருந்து 80 வரை பொன்மஞ்சள். 80-இலிருந்து 100-க்குள் சிவப்பு. அதையும் தாண்டினால் நீலம், பிறகு பச்சை. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாக வகுத்தால் வருவது ஒரு நானோமீட்டர். அதில் இருபது கூடினால் வெள்ளி பொன்னாகிவிடுகிறது. மழை நாளில் சாலையில் சிந்திய டீசல் படலத்தில் நிறங்கள் ஓடுவதும் இதே விதிப்படிதான்.

அப்பிரகத்தைப் பற்றிப் பேசும்போது ஜார்கண்டைச் சொல்லாமல் கடந்துபோவது நியாயமில்லை. இந்தியாவில் அப்பிரகத்துக்குப் பேர்போன கோடர்மா, கிரிடி பகுதிகளில் கைவிடப்பட்ட சுரங்கங்களின் கழிவு மேடுகளில் சிறுவர் சிறுமியர் சில்லு பொறுக்குவது பல ஆண்டுகளாக வெளிச்சத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அழகுசாதன நிறுவனங்களும் நிறமி நிறுவனங்களும் சேர்ந்து 2017-இல் பாரிஸில் ‘ரெஸ்பான்சிபிள் மைக்கா இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பை உருவாக்க வேண்டியிருந்தது. ஆய்வகத்தில் செய்த செயற்கை அப்பிரகமும், போரோசிலிகேட் கண்ணாடிச் செதிலும் மாற்றாக வந்திருக்கின்றன. மின்னுகிற ஒரு பொருளை வாங்குகிறவர் அதன் மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பது முறையான கேள்வி. அந்தக் கேள்வி பட்டறை வரைக்கும் வரவேண்டும்.

கூடூர் சந்திப்பிலிருந்து சென்னைக்கு சுமார் 140 கி.மீ. நாயுடுபேட்டை, சுள்ளூர்பேட்டை தாண்டிக் கும்மிடிப்பூண்டியின் ஆலைப் புகைபோக்கிகள் தெரியும்போது தமிழ்நாடு வந்துவிடுகிறது. சென்ட்ரலில் இறங்கி, ஆவடி பக்கம் போகும் மின்ரயிலில் மாறிப் பட்டரவாக்கத்தில் இறங்கினால் அம்பத்தூர் தொழிற்பேட்டை கூப்பிடு தூரம். 1960-களில் உருவான பேட்டை. சந்துக்குச் சந்து லேத், பிரஸ், மோல்டிங், அவற்றுக்கு நடுவே ‘பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க்’ என்று எழுதிய பலகைகள்.

பவுடர் கோட்டிங் என்றால் திரவமே இல்லாத பெயின்ட். 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர், காற்றால் மிதக்கவிட்ட பிளாஸ்டிக் தூளுக்குள் சூடான இரும்பை முக்கி எடுத்ததில் தொடங்கியது. பிறகு மின்னேற்றம் தந்து துப்பாக்கியால் அடித்து, ஓவனில் உருக்கும் முறை வந்தது. ரெசின், கடினமாக்கி, நிறமி எல்லாவற்றையும் எக்ஸ்ட்ரூடரில் உருக்கிப் பிசைந்து, அப்பளமாகத் தட்டி, ஆறவைத்து, அரைத்தால் தூள் தயார். ஒவ்வொரு துகளிலும் எல்லாம் சேர்ந்தே இருக்கும். சாதாரண வெள்ளை, கறுப்பு, சாம்பல் ஆகியவை எங்கே அடித்தாலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வருவதற்கு இதுவே காரணம்.

செதில் கலந்து மின்னும் மெட்டாலிக் வண்ணங்களில் இந்த நிம்மதி கிடையாது. அலுமினியச் செதிலும் அப்பிரகச் செதிலும் எக்ஸ்ட்ரூடரின் திருகில் மாட்டினால் நொறுங்கும், மடங்கும், பளபளப்பு செத்துவிடும். அதனால் அடித்தூளை முழுக்க அரைத்து முடித்த பிறகுதான் செதிலைச் சேர்க்க முடியும். சேர்ப்பதில் இரண்டு வழி. ஒன்று, சும்மா கலக்குவது, ‘டிரை பிளெண்ட்’. இன்னொன்று ‘பாண்டட்’: ரெசின் லேசாக இளகத் தொடங்கும் சூடு வரை, அதாவது 50, 60 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் கலவையைக் கொண்டுபோய், செதில் ஒவ்வொன்றும் தூள் துகள் மேல் ஒட்டிக்கொள்ளும்படி செய்வது. அலுமினியத் தூள் காற்றில் பறந்தால் வெடிக்கக்கூடியது. அதனால் இந்த வேலையை நைட்ரஜன் போன்ற வாயுவின் பாதுகாப்பில் செய்கிறார்கள்.

அட்டைப்பெட்டிக்குள் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் துப்பாக்கியை விட்டு வெளியே வந்ததும் தெரியும். சும்மா கலந்த தூளில் செதிலுக்கு ஒரு எடை, ஒரு வடிவம், ஒரு மின்னேற்றம், அடித்தூளுக்கு வேறு. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் போய் ஜாபில், அதாவது பூசப்படும் பொருளில், ஒட்டுகின்றன. ஒட்டாமல் கீழே விழுந்ததைச் சைக்ளோன் சேகரிப்பானில் பிடித்து மறுபடி ஊற்றினால், அதில் செதிலின் விகிதம் மாறிப்போயிருக்கும். காலையில் அடித்த சட்டம் ஒரு நிறம், மாலையில் அடித்தது வேறு நிறம். தொழிற்பேட்டையின் ஒரு சின்னப் பட்டறையில் சுவரில் இரண்டு தகடுகள் தொங்குகின்றன: ஒன்றில் புதுத் தூள், ஒன்றில் பலமுறை திரும்பி வந்த தூள். ஷாம்பேன் கோல்டு என்று இரண்டுக்கும் ஒரே பெயர். முதல் தகடு பொன்னிறம். இரண்டாவது மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் பித்தளை நிறத்துக்கு வந்துவிட்டது. புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்குக் காட்டத்தான் அது மாட்டியிருக்கிறது.

இங்கே கார் பெயின்டோடு ஒப்பிட்டுக் கேட்கிற வாடிக்கையாளர்கள் அதிகம். காரின் வெள்ளி நிறம் நேராகப் பார்த்தால் வெளுத்தும், சாய்த்துப் பார்த்தால் கறுத்தும் தெரிகிறதே, அது ஏன் பவுடரில் அவ்வளவு வரவில்லை? திரவப் பெயின்டில் கரைப்பான் ஆவியாகும்போது படலம் சுருங்கி, செதில்களைத் தட்டையாகப் படுக்கவைக்கிறது. பவுடரில் ஆவியாக எதுவும் இல்லை. ஓவனில் உருகி ஓடும் கொஞ்ச நேரத்தில் செதில் எப்படித் திரும்பிக்கொண்டதோ அப்படியே நின்றுவிடும். அதனால் பவுடர் மெட்டாலிக்கில் அந்தச் சாய்வு மாற்றம் குறைவு, புள்ளி புள்ளியான மினுக்கம் கூடுதல். குறை என்று இதைச் சொல்வது சரியில்லை. இரண்டும் வேறு வேறு அழகு. ஒன்றை வைத்து மற்றதை அளக்கக் கூடாது.

இரவு சேரன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது கோவை. உக்கடம் மேம்பாலத்தில் ஏறி ஆத்துப்பாலத்தில் நொய்யலைக் கடந்து பொள்ளாச்சி சாலையில் திரும்பினால், இடப்பக்கமோ வலப்பக்கமோ எங்கே பார்த்தாலும் ஏதோ ஒரு பட்டறையின் வாசல். குறிச்சி குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் சிலை இருக்கிறது. அதைத் தாண்டிச் சுந்தராபுரம், சிட்கோ தொழிற்பேட்டை. பம்புசெட்டுக்கும், புவிசார் குறியீடு பெற்ற வெட் கிரைண்டருக்கும் பேர்போன ஊரில் கோட்டிங் வேலைக்கு என்ன பஞ்சம்!

அன்றைய ஜாப் ஒரு வீட்டுக்கான அலுமினிய ஜன்னல் சட்டங்கள். அடர் வெண்கல நிறத்தில் பேர்ல். முன்வேலை பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை: எண்ணெய் நீக்கி, கழுவி, அரித்து, கழுவி, ரசாயனப் படலம் ஏற்றி, மறுபடி கழுவி, உலர்த்துகிறார்கள். இதில் அசட்டை செய்தால் எந்த நிறமும் இரண்டு மழைக்காலம் தாங்காது.

தூள் அடிக்கும் பூத்துக்குள்தான் கதை. வயதில் மூத்தவர் ஒருவர் கன் பிடிக்கிறார். முப்பதை எட்டாத ஒருவர் பக்கத்தில் நின்று பழகுகிறார். பெரியவர் முதலில் தொட்டது துப்பாக்கியை இல்லை, சட்டங்களைத் தொங்கவிடும் கொக்கிகளை. பழைய கோட்டிங் கெட்டியாகப் படிந்திருந்த நான்கு கொக்கிகளைத் தனியே எடுத்துப் போட்டுவிட்டார். ஜாபுக்கு எர்த் சரியாகப் போகாவிட்டால் மின்னேற்றம் பெற்ற தூள் ஒட்டாது, மெட்டாலிக்கில் அது திட்டுத்திட்டாகக் காட்டிக்கொடுத்துவிடும். எர்த்தின் தடை ஒரு மெகாஓமுக்குள் இருக்கவேண்டும் என்பது உலகெங்கும் உள்ள கணக்கு.

அடுத்தது தூள். பெட்டியில் குழாயை விட்டு நேரடியாக உறிஞ்ச வைக்காமல், கீழிருந்து காற்று ஊதி மிதக்கவிடும் ஹாப்பரில் கொட்டினார். பெட்டியிலிருந்து உறிஞ்சினால் செதிலும் தூளும் ஒரே சீராக வராது. பாதி வேலையைப் பெட்டியிலும் மீதியை ஹாப்பரிலும் செய்தால் இரண்டு ஷேடு நிச்சயம். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்த பையை உடனே பிரிக்கவும் அவர் விடவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும் மாதங்களில், குளிர்ந்த தூளின் மேல் வெளிக்காற்றின் ஈரம் படிந்தால் கட்டிகட்டியாகிவிடும். பை அறையின் சூட்டுக்கு வரும்வரை அப்படியே இருந்தது.

கன்ட்ரோலரில் வோல்டேஜ் முள்ளைக் கீழே இறக்கினார். சாதாரண வண்ணத்துக்கு 80, 100 கிலோவோல்ட் வரை போகிறவர்கள் மெட்டாலிக்குக்கு 60, 70-க்கு வந்துவிடுகிறார்கள். கரண்டையும் 10, 20 மைக்ரோஆம்பியருக்குள் கட்டுப்படுத்துகிறார்கள். அலுமினியச் செதில் மின்சாரத்தைக் கடத்தும். கன்னுக்குள்ளும் குழாய்க்குள்ளும் செதில்கள் சங்கிலியாகப் படிந்தால் மின்னழுத்தம் அந்த வழியே எர்த்துக்கு ஓடிவிடும். முனையில் சேர்ந்த கட்டி திடீரென்று தெறித்து ஜாபின் மேல் புள்ளியாக விழும். சிலிக்கா பூசிய செதிலில் இந்தத் தொல்லை குறைவு. அன்று அடித்தது அப்பிரகம் தூக்கலான தூள்தான், ஆனாலும் அரைமணிக்கொருமுறை முனையைக் கழற்றி ஊதித் துடைத்தார். கூம்பு முனைக்குப் பதிலாகத் தட்டை முனை.

பிறகு கை நகர ஆரம்பித்தது. ஓரடிக்குச் சற்றுக் குறைவான தூரம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், ஒவ்வொரு வீச்சும் முந்தியதன் பாதியை மூடிக்கொண்டு. மூலைகளையும் உள்மடிப்புகளையும் முதலிலேயே அடித்து முடித்துவிட்டு, தெரியும் முகத்தைக் கடைசியில் ஒரே ஓட்டமாக மூடினார். முகத்தை முடித்த பிறகு ‘இங்கே கொஞ்சம் குறைகிறதே’ என்று இடையில் ஒரு தொடு கொடுத்தால் அந்த இடம் மேகம் மாதிரி தனியே தெரியும். தானியங்கி லைன் வைத்திருக்கும் பெரிய ஆலைகளிலும் இதே ஒழுங்குதான்: கையால் அடிக்கும் இடம் முதலில், இயந்திரம் பிறகு.

பழகுகிறவர் இரண்டாவது சட்டத்தை எடுத்தார். நடுவில் கை ஒரு கணம் தயங்கியது.

“கையை நிறுத்தாத தம்பி. போனா ஒரே வேகத்துல போ.”

“அங்க வெளுப்பாத் தெரிஞ்சுதுங்ணா.”

“தெரியும். வெந்து வரட்டும், அப்பறம் பாரு. இப்பப் பாக்கறது கலரே இல்ல.”

சொன்னது உண்மை. உருகும்வரை பவுடரில் நிறத்தை முடிவுசெய்ய முடியாது. உலோகத்தின் சூடு 200 டிகிரியைத் தொட்ட பிறகு சுமார் 10 நிமிடம் அங்கே நிற்கவேண்டும். ஓவனின் காற்று 200 என்று மீட்டர் காட்டுவதும் சட்டத்தின் உலோகம் 200-ஐ எட்டுவதும் ஒன்றல்ல. கனமான சட்டமும் மெல்லிய சட்டமும் ஒரே தள்ளுவண்டியில் போனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சூடேறும், தூள் வெவ்வேறு விதமாக ஓடும், செதில் வெவ்வேறு விதமாகப் படுக்கும். அதனால்தான் ஒரு வீட்டின் சட்டங்களைக் கனவாரியாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒரே திசையில் தொங்கவிட்டு அனுப்புகிறார்கள்.

வெந்து வந்தவற்றில் மைக்ரான் மீட்டர் வைத்துப் பார்த்தால் பெரியவரின் சட்டத்தில் எங்கும் 65-க்கும் 75-க்கும் இடையே. தம்பியின் சட்டத்தில் ஓரிடத்தில் 105. தனி நிறத்தில் இதை யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். பேர்லில் அந்த இடம் ஒரு பிடி கறுத்திருந்தது. பெரிய நிறுவனங்களில் இந்தச் சோதனைக்குக் கருவி இருக்கிறது: −15-இலிருந்து 110 டிகிரி வரை ஆறு கோணங்களில் நிறத்தை அளந்து சொல்லும். இங்கே திறந்து வைத்த கதவு வழியே விழும் வெயில்தான் கருவி. சட்டத்தைக் கையில் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்க்கிறார்கள். இத்தனை வருடம் திருப்பித் திருப்பிப் பழகிய கண்ணை எளிதாக ஏமாற்ற முடியாது.

ஷேடு கார்டு தருவது பாதி நிறம்தான், மீதியைப் பூத்தில் நிற்கிறவர் தருகிறார் என்பது அந்த வெயிலில் நிற்கும்போது விளங்குகிறது. அதே பெட்டி, அதே பேட்ச். கன் மாறினால் நிறம் மாறும், முனை மாறினால் மாறும், ஓவன் மாறினால் மாறும். ஆகவே ஒரு கட்டடத்தின் சட்டங்களை இரண்டு பட்டறைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது மெட்டாலிக்கில் செய்யக்கூடாத காரியம். அவசரம் என்று அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பழி கடைசியில் பவுடர் கம்பெனி மேல் விழும், அல்லது கன் பிடித்தவர் மேல்.

திரும்பி வரும் தூளை என்ன செய்வது என்பதில்தான் பட்டறைகளுக்கிடையே பெரிய வேறுபாடு. பாண்டட் தூள் ஆனாலும் திரும்பிய தூளைப் புதுத் தூளில் 30 சதவீதத்துக்கு மேல் சேர்க்கவேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. அளவைவிட முக்கியம், தொடக்கம் முதல் முடிவு வரை அதே விகிதம் இருப்பது. சில பட்டறைகள் மெட்டாலிக் தூளைத் திரும்ப எடுப்பதே இல்லை. செலவு கூடும், ரிஜெக்ஷன் குறையும். கூலி கிலோ கணக்கிலோ சதுர அடியிலோ பேரம் பேசி அடிமட்டத்துக்கு இறக்கப்படும் ஒரு தொழிலில் இந்த முடிவை எடுப்பதற்கு மனத்திடம் வேண்டும். மெட்டாலிக்குக்குத் தனி ரேட் கேட்கும் பட்டறைக்காரரிடம் முகம் சுளிப்பதற்கு முன் வாடிக்கையாளர் இதை நினைத்துப் பார்க்கலாம்.

வெளிச்சுவரில் நிற்கும் சட்டத்துக்கு இன்னொரு கேள்வி உண்டு: மேலே கிளியர் கோட் வேண்டுமா? அலுமினியச் செதிலில் ஒரு வகை படலத்தின் மேலே மிதந்து வந்து குரோம் மாதிரி ஜொலிக்கும். அழகு அதிகம், ஆயுள் குறைவு; விரல் பட்டால் தடம், துணியால் தேய்த்தால் துணியில் வெள்ளி. அதற்கு மேலே நிறமற்ற ஒரு பூச்சு அடித்தே ஆகவேண்டும், அடித்தால் ஜொலிப்பில் கொஞ்சம் போகும். படலத்துக்குள்ளேயே பரவி நிற்கும் இன்னொரு வகைச் செதில் அவ்வளவு ஜொலிக்காது, ஆனால் நிலைக்கும். பேர்லில் இந்தப் பிரச்சினை குறைவு, அப்பிரகமும் டைட்டானியம் டை ஆக்சைடும் எளிதில் அரிபடாதவை.

மதியத்துக்கு மேல் முதல் தவணைச் சட்டங்கள் அவிநாசி சாலைப் பக்கம் ஒரு கட்டடத்துக்குப் போயின. அங்கே கொத்தனார் ஜன்னல் ஓரத்தில் சிமென்ட் பூசிக்கொண்டிருந்தார். ஈர சிமென்ட் கடுமையான காரம். அலுமினியம் அமிலத்துக்கும் கரையும், காரத்துக்கும் கரையும். மெட்டாலிக் சட்டத்தில் சிமென்ட் பால் வழிந்து காய்ந்தால் அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ நிரந்தரமாக நின்றுவிடும். சூரிச்சைத் தலைமையிடமாகக் கொண்ட குவாலிகோட் அமைப்பு அலுமினியக் கோட்டிங்குக்கு வைத்திருக்கும் தேர்வுகளில் சாந்தை அப்பி 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பதும் ஒன்று. பட்டறை ஆள் வண்டியிலிருந்து இறங்கியதும் முதல் வேலையாக ஒவ்வொரு சட்டத்திலும் பாதுகாப்பு டேப் முழுசாக இருக்கிறதா என்று பார்த்தார். கொத்தனாரிடம், “மேஸ்திரி, இதுல சாந்து பட்டா உடனே தண்ணி ஊத்திருங்க. காயவிட்டுச் சொரண்டிராதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் சட்டங்களை இறக்கினார்.

வீட்டுக்காரர் வந்து ஒரு சட்டத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஏனுங்க, இந்தக் கோடி கொஞ்சம் மங்கலா இருக்குதுங்களே?” குவாலிகோட் விதியில் வெளிப்புறச் சட்டத்தை 5 மீட்டர் தள்ளி நின்றும், உட்புறச் சட்டத்தை 3 மீட்டர் தள்ளி நின்றும் பார்க்கவேண்டும். பட்டறை ஆள் விதியின் பெயர் எதையும் சொல்லவில்லை. சட்டங்களை வரிசையாகச் சுவரில் சாய்த்து வைத்து, வீட்டுக்காரரை வாசல் கேட் வரைக்கும் அழைத்துப்போய் நிற்கவைத்தார். மங்கல் என்று சொன்ன சட்டம் வரிசையில் கரைந்துவிட்டது. ஆனால் அவர் சுட்டிக்காட்டாத வேறொன்று, வரிசையின் மூன்றாவது, அங்கிருந்து பார்க்கும்போது தனியாகக் கறுத்து நின்றது. பட்டறை ஆளே அதை எடுத்து வண்டியில் ஏற்றினார். ரிமூவரில் போட்டுப் பழைய கோட்டிங்கை முழுக்கக் கழற்றி, முன்வேலையிலிருந்து மறுபடி தொடங்கி, அதே பேட்ச் தூள் தீருவதற்குள் அடிக்கவேண்டும். ஹாப்பரில் இன்னும் நாலைந்து கிலோ இருக்கும் என்று போனில் யாரிடமோ உறுதிசெய்துகொண்டு கிளம்பினார்.